ஒற்றை உதையோடு கடல் கடந்தவர்: சார்லி ஸ்மித் பற்றிய நிகழ்வு ஆய்வு

2025 நவம்பர் 30 அன்று மயாமியில் நடந்த ஆட்டத்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி 21-17 என்ற கணக்கில் டால்பின்ஸிடம் தோற்றது. செயின்ட்ஸ் அணிக்கு அது மோசமான பருவம்; தோல்விப் பட்டியலில் இன்னொரு வரி, அவ்வளவுதான். அயர்லாந்தில் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கோ கணக்கு வேறு. வட அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம்) உள்ள மேயோபிரிட்ஜ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த 24 வயது சார்லி ஸ்மித், அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல் அன்று தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை ஆடினார். 56 கெஜத் தொலைவிலிருந்து, அதாவது ஏறக்குறைய 51 மீட்டரிலிருந்து, பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே அனுப்பினார்.

அவர் செயின்ட்ஸ் அணியில் ஒப்பந்தமானது 2024 மார்ச் 29 அன்று. முதல் ஆட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே 20 மாதங்கள். கேலிக் கால்பந்து ஆடிய ஒருவர் அமெரிக்கக் கால்பந்துக்கு மாறினார் என்ற செய்தியைப் படிக்கும் எவரும் அவருடைய கால் வலிமையைத்தான் முதலில் நினைப்பார்கள். எனக்கு அந்த 20 மாதங்கள்தான் ஆய்வுக்குரியவையாகப் படுகின்றன. ஐம்பது மீட்டர் உதைக்கக்கூடிய இளைஞர்கள் அயர்லாந்தில் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். ஆடாத ஒருவரை ஏறத்தாழ இரண்டு பருவங்கள் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள ஒரு அமெரிக்க அணிக்குக் காரணம் இருந்ததுதான் புதிது.

வந்த இடம்

கேலிக் கால்பந்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். பக்கத்துக்கு 15 பேர். பந்து உருண்டை, கையாலும் தொடலாம், காலாலும் உதைக்கலாம். இரு முனைகளிலும் நெடுங்கம்பங்கள். நடுவே குறுக்குக் கம்பி. கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி. ஆக, கம்பிக்கு மேலே பந்தை அனுப்புவது இந்த ஆட்டத்தின் அன்றாடத் தொழில். அமெரிக்கக் கால்பந்தில் அதே செயலைச் செய்வதற்கென்றே அணிக்கு ஒருவர், கிக்கர் என்ற பெயரில், சம்பளம் வாங்குகிறார்.

1884-இல் தர்ல்ஸ் நகரில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம் (ஜி.ஏ.ஏ.) இந்த ஆட்டத்தை நடத்துகிறது. 82,000 பேருக்கு மேல் அமரக்கூடிய டப்ளின் குரோக் பார்க் மைதானம் இறுதியாட்டத்தன்று நிரம்பி வழியும். ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், தச்சர், வங்கி ஊழியர் என்று ஆளுக்கொரு வேலை இருக்கும், மாலையில் பயிற்சி. பிறந்து வளர்ந்த ஊரின் சங்கத்துக்கு ஆட வேண்டும், அங்கே சிறந்தவர்கள் கவுண்டிக்கு ஆட வேண்டும். பணம் கொடுத்து ஆட்டக்காரரை வாங்கும் சந்தை இங்கே இல்லை. ஸ்மித்தும் அப்படியே ஆசிரியர் பயிற்சியில் இருந்துகொண்டு கோல்கீப்பராக ஆடியவர். அவருடைய மேயோபிரிட்ஜ் சங்கம் சாதாரணமானதல்ல. 1991, 1994 ஆகிய ஆண்டுகளில் டவுன் கவுண்டி அனைத்து அயர்லாந்துப் பட்டம் வென்றபோது முன்வரிசையில் ஆடிய மிக்கி லிண்டன் அந்த ஊர்க்காரர்.

கோல்கீப்பர் எப்படி உதைக்கும் நிபுணர் ஆனார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2011 இறுதியாட்டத்தில் டப்ளினும் கெர்ரியும் சமநிலையில் இருந்தன. ஆட்டம் முடியும் தறுவாயில் டப்ளினுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. அதை எடுக்கத் தன் கோல் முகப்பை விட்டு மைதானத்தின் மறுபுறம் நடந்து வந்தவர் கோல்கீப்பர் ஸ்டீஃபன் கிளக்ஸ்டன். பந்து கம்பிக்கு மேலே போனது. ஒற்றைப் புள்ளியில் டப்ளின் வென்றது. 1995-க்குப் பிறகு அவர்களுக்கு அதுவே முதல் பட்டம். அதற்குப் பிறகு நீண்ட தொலைவு ஃப்ரீ கிக்குகளுக்குக் கோல்கீப்பர் முன்னே வருவது பல கவுண்டிகளில் வழக்கமாகிவிட்டது. மோனஹன் கவுண்டியின் ரோரி பெக்கன், டைரோன் கவுண்டியின் நியால் மோர்கன் ஆகியோர் கோலைக் காப்பதற்கு இணையாக இந்த உதைகளுக்காகவும் பெயர் பெற்றவர்கள்.

இன்னொன்றும் உண்டு. தடுப்பவர் தொட்டுப் பந்து அவருடைய கோல் பக்கத்து எல்லைக் கோட்டுக்கு வெளியே போனால், எதிரணிக்கு 45 மீட்டர் கோட்டிலிருந்து ஓர் உதை கிடைக்கும். 45 மீட்டர் என்பது 49 கெஜம். என்.எஃப்.எல். கிக்கர்கள் சற்றே உமிழ்நீரை விழுங்கிக்கொள்ளும் தொலைவு அது. அயர்லாந்தின் கவுண்டி ஆட்டங்களில் அதை, கடற்காற்றும் தூறலும் அடிக்கும் பிப்ரவரி மாதத்தில், சம்பளமில்லாத கோல்கீப்பர்கள் வாரந்தோறும் உதைத்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருநாள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

கணக்குப் போட்டவர்

போட்டவர் கால்வேயைச் சேர்ந்த டைக் லீடர். தொழில்முறை ரக்பி ஆடியவர்; பிறகு உதைப் பயிற்சியாளராக மாறினார். அயர்லாந்தின் உதைக்கும் திறமைக்கு அமெரிக்காவில் விலை உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. என்.எஃப்.எல். 2017 முதல் சர்வதேச வீரர்களுக்கென ஒரு பயிற்சித் திட்டம் நடத்திவருகிறது. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிய ஜோர்டன் மைலாட்டா அதன் வழியாக வந்து பிலடெல்ஃபியா அணியின் தூண்களில் ஒருவரானார். 2024-இல்தான் அந்தத் திட்டம் முதல் முறையாக உதைக்கும் ஆட்டக்காரர்களுக்கும் கதவைத் திறந்தது.

லீடரின் கைக்குள் இருந்து நான்கு அயர்லாந்துக்காரர்கள் போனார்கள்: மோனஹனின் பெக்கன், விக்லோவின் கோல்கீப்பர் மார்க் ஜாக்சன், டைக்கின் தம்பியும் ரக்பிக்காரருமான டாரா லீடர், ஸ்மித். நால்வரில் கோல்கீப்பர்கள் மூவர். ஃபுளோரிடாவில் சில வாரங்கள் பயிற்சி. மார்ச் தொடக்கத்தில் இண்டியானாபொலிஸில் அணி நிர்வாகிகளின் முன்னே உதைத்துக் காட்டினார்கள். அதே மாதத்தில் டாம்பாவில் இன்னொரு தேர்வு. கடைசியில் என்.எஃப்.எல். ஒப்பந்தம் கிடைத்தது ஒருவருக்கே.

நால்வரில் பெயர் பெற்றவர் பெக்கன். 2018-இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் பதினைவரில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், முப்பதைத் தாண்டியவர். ஸ்மித்துக்கு அப்போது 22 வயது. அவருடைய கவுண்டிக்கு வெளியே அவரை அறிந்தவர் சிலர். அணிகள் வயதைப் பார்த்தன என்று நான் நினைக்கிறேன். இன்றைக்கு யார் நன்றாக உதைக்கிறார் என்பதற்கான தேர்வாக அது இருந்திருந்தால் முடிவு வேறாகக்கூட இருந்திருக்கலாம். மூன்று ஆண்டுகள் கழித்து யார் நன்றாக உதைப்பார் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. பெக்கன் ஊருக்குத் திரும்பி, சில வாரங்களில் மோனஹனின் கோல் முகப்பில் மறுபடி நின்றார்.

இரண்டு உதைகள்

மேலோட்டமாகப் பார்த்தால் இரு ஆட்டங்களிலும் வேலை ஒன்றே: கிடக்கும் பந்தை உதைத்து உயரமான கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது. அளவுகளைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கேலிக் கம்பங்களின் இடைவெளி 6.5 மீட்டர், குறுக்குக் கம்பி 2.5 மீட்டர் உயரத்தில். அமெரிக்கக் கம்பங்களின் இடைவெளி 5.64 மீட்டர், கம்பி 3.05 மீட்டர் உயரத்தில். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குறுகல், அரை மீட்டருக்கு மேல் உயரம். பந்தும் உருண்டையல்ல, இருமுனை கூர்ந்தது. பாதம் பட வேண்டிய இடம் அதன் கீழ்ப்பகுதியில் மிகச் சிறியது. சற்றே தவறினால் பந்து பக்கவாட்டில் சுழன்று ஓடிவிடும்.

இதெல்லாம் பழக்கத்தால் சரியாகிவிடக்கூடியவை. பழக்கத்தால் எளிதில் சரியாகாதது நேரம்.

கேலிக் ஆட்டத்தில் ஃப்ரீ கிக் எடுப்பவர் பந்தைத் தன் கையாலேயே புல்லில் வைக்கிறார். எதிராளிகள் 13 மீட்டர் விலகி நிற்க வேண்டும். அவர் பின்னால் நடக்கிறார், கம்பத்தைப் பார்க்கிறார், காற்றைப் பார்க்கிறார், மூச்சு விடுகிறார், தயாரானதும் ஓடுகிறார். தொடக்கம் அவர் கையில்.

அமெரிக்க ஆட்டத்தில் பந்து அவர் கையில் இல்லவே இல்லை. ஸ்னாப்பர் என்பவர் குனிந்து, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னோக்கி வீசுகிறார். ஏழு எட்டு கெஜம் பின்னால் மண்டியிட்டிருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்து, தையல் முன்பக்கம் பார்க்கும்படி திருப்பித் தரையில் நிறுத்துகிறார். பந்து தரையைத் தொடும் முன்பே கிக்கர் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். வீசிய கணத்திலிருந்து பாதம் படும் கணம் வரை ஏறக்குறைய 1.3 நொடி. அதற்குள், எட்டு கெஜத்துக்கு அப்பாலிருந்து நூற்றைம்பது கிலோ ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வருகிறார்கள். பந்து அவர்கள் விரலுக்கு மேலே செங்குத்தாக எழும்ப வேண்டும். தாழ்வாகப் பறந்து தொலைவு சேர்க்கும் உதைக்கு இங்கே இடமில்லை.

இன்னும் வராத பந்தை நோக்கி ஓடுவது என்பது மற்ற இருவரை நம்புவது. தனக்குத் தானே நேரம் வகுத்துக்கொண்டு வளர்ந்த ஒரு கேலிக் கோல்கீப்பர் மறக்க வேண்டியதும் புதிதாகக் கற்க வேண்டியதும் இதுதான். ஸ்மித் அமெரிக்கப் பந்தை முறையாக உதைக்கத் தொடங்கி ஓராண்டு ஆவதற்குள் ஒப்பந்தமானவர். அவரோடு போட்டியிட்ட அமெரிக்கர்கள் பள்ளி நாள் முதல் இதையே ஆயிரக்கணக்கான முறை செய்தவர்கள்.

எதிர்ப்பக்கத்தில் அவருக்குச் சாதகமானவையும் இருந்தன. கோணம் ஒன்று. கேலிக்கில் பக்கக் கோட்டை ஒட்டிய இடங்களிலிருந்தும் உதைக்க வேண்டும். என்.எஃப்.எல்.-இல் நடுப்பகுதியில் இரண்டு வரிசைக் கோடுகள் உண்டு. பந்து எங்கே நின்றாலும் அடுத்த ஆட்டம் அவற்றுக்குள் இருந்துதான் தொடங்கும். அவற்றின் இடைவெளியும் கம்பங்களின் இடைவெளியும் ஒன்றே. எனவே எல்லா உதையும் ஏறத்தாழ நேருக்கு நேர். அடுத்தது கூரை. செயின்ட்ஸ் அணியின் சொந்த மைதானமான சூப்பர்டோம் முழுக்க மூடியது; காற்றுமில்லை, மழையுமில்லை. அயர்லாந்தில் வளர்ந்த ஒருவருக்கு அது வெயில் காலத்து விடுமுறை.

எவரும் அதிகம் பேசாத இன்னொரு சாதகம் கோல்கீப்பர் என்ற வேலையே தந்தது. அறுபது எழுபது நிமிட ஆட்டத்தில் சும்மா நின்றுகொண்டு, திடீரென்று ஒரு செயலை எல்லோர் பார்வையிலும் செய்து, அது தவறினால் அடுத்த வாய்ப்பு வரும் வரை அதைச் சுமந்துகொண்டு நிற்பது. கிக்கரின் வாழ்க்கையும் இதுவே. தவிர, கேலிக் கோல்கீப்பர் ஓர் ஆட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட முறை கோல் முகப்பிலிருந்து பந்தை உள்ளே உதைத்து அனுப்புகிறார். நகர்ந்துகொண்டிருக்கும் தோழன் கையில் அது விழ வேண்டும். 2024-இல் என்.எஃப்.எல். தொடக்க உதையின் விதியை மாற்றியது. பந்து எல்லைக் கோட்டுக்கு முன்னே, 20 கெஜ அகலமுள்ள பகுதிக்குள் விழ வேண்டும் என்றானது. முரட்டுத்தனமாகத் தொலைவுக்கு உதைத்தால் போதும் என்ற காலம் முடிந்து, குறிபார்த்து விழச் செய்பவருக்கு மதிப்பு வந்தது. ஸ்மித் வந்து சேர்ந்த அதே ஆண்டு. இது தற்செயல், ஆனால் அவருக்குச் சாதகமான தற்செயல்.

ஓர் ஆகஸ்ட் இரவும் ஒரு விதியும்

2024 ஆகஸ்டில் அரிசோனா கார்டினல்ஸ் அணிக்கு எதிரான பயிற்சி ஆட்டம். செயின்ட்ஸ் 13-14 எனப் பின்தங்கியிருந்தது. கடிகாரம் முடியும்போது 37 கெஜத்திலிருந்து ஸ்மித் உதைத்தார், 16-14. அயர்லாந்தின் செய்திகள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டின. மேயோபிரிட்ஜின் கோல்கீப்பர் அமெரிக்காவை வென்றுவிட்டார் என்ற தொனி.

அந்த மாத இறுதியில் அணி அவரை 53 பேர் கொண்ட முதன்மைப் பட்டியலில் வைக்காமல், பயிற்சி அணியில் சேர்த்தது. அடுத்த ஆண்டும் அதே கதை. முதன்மைக் கிக்கர் பிளேக் க்ரூப்பி. 2023-இல் அனுபவசாலியான வில் லட்ஸை இதே போல ஒரு கோடைப் போட்டியில் வென்று இடத்தைப் பிடித்தவர்.

இங்கேதான் விதி வருகிறது. என்.எஃப்.எல். அணிகள் முதன்மைப் பட்டியலுக்கு வெளியே 16 பேரைப் பயிற்சி அணியில் வைத்துக்கொள்ளலாம். பதினாறும் பொன்னான இடங்கள். தடுப்பு வரிசையில் ஒருவருக்கு முழங்கால் போனால் அடுத்த வாரமே மாற்று ஆள் வேண்டும். அவர் இந்தப் பதினாறில் இருந்துதான் வருவார். கிக்கர் அணிக்கு ஒருவர் போதும். இரண்டாம் கிக்கருக்கு ஓர் இடத்தை ஆண்டு முழுவதும் ஒதுக்குவது பெரும்பாலான அணிகளுக்கு வீண் செலவு. தேவைப்பட்டால் ஒரு திங்கட்கிழமை நான்கைந்து பேரை அழைத்து உதைக்கச் சொல்லி, ஒருவரைப் பொறுக்கிக்கொள்வதே இந்தத் தொழிலின் நடைமுறை.

சர்வதேசத் திட்டத்தின் வழி வந்தவருக்கு மட்டும் 17-ஆவதாக ஓர் இடம். பதினாறில் அவர் கணக்கு வராது. முன்பு சுழற்சி முறையில் சில அணிகளுக்கு மட்டும் இருந்த இந்தச் சலுகை 2024 முதல் 32 அணிகளுக்கும் கிடைத்தது. வேறொருவரை இழக்காமல் ஒரு கிக்கரைக் கற்றுக்கொள்ள விடலாம் என்றானது. ஸ்மித் அந்த இடத்தில் அமர்ந்தார். அங்கேயே தினமும் அதே ஸ்னாப்பர்கள், ஹோல்டர்களோடு 1.3 நொடியைப் பழகினார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடலாம். 2024-இல் பயிற்சி அணியில் இருப்பவரின் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 12,500 டாலர். 18 வாரப் பருவத்துக்கு 2,25,000 டாலர். முறையான ஆட்டம் ஒன்றில்கூடப் பயன்படுத்தாத ஆளுக்கு இது அணியின் பார்வையில் சில்லறை. ஆசிரியப் பயிற்சி மாணவருக்கோ அவர் ஊரில் பல ஆண்டுச் சம்பளம். இரு தரப்புக்கும் காத்திருப்பு கட்டுப்படியானது. ஸ்மித்தின் வெற்றியில் பாதி, லீக்கின் விதிப்புத்தகத்தில் உள்ள இந்தப் பத்திக்குச் சேரும் என்பது என் முடிவு. அதே இளைஞர் 2022-இல் போயிருந்தால், ஆகஸ்ட் இறுதியில் விமான டிக்கெட்டோடு திரும்பியிருப்பார்.

நவம்பர், டிசம்பர்

2025 பருவத்தில் க்ரூப்பி தடுமாறினார். தவறிய உதைகள் கூடிக்கொண்டே போயின. நவம்பர் 23 அன்று அட்லாண்டா ஃபால்கன்ஸிடம் தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு அணி அவரை விடுவித்தது. இது இந்தத் தொழிலின் இயல்பு. கிக்கரை நீக்கும்போது யாரும் வருந்தி அறிக்கை விடுவதில்லை. அடுத்த ஞாயிறு மயாமியில் உதைக்க ஸ்மித் உயர்த்தப்பட்டார்.

56 கெஜ உதையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்த ஆட்டத்தில் எனக்கு அதைவிடச் சுவையானது ஆட்ட முடிவில் வந்த ஆன்சைடு கிக். பின்தங்கிய அணி, புள்ளி எடுத்ததும் பந்தை எதிரணியிடம் முழுவதுமாகக் கொடுக்காமல், பத்து கெஜம் மட்டும் தாண்டும்படி தட்டிவிட்டுத் தானே மீட்கப் பார்க்கும் தந்திரம் அது. இப்போதைய விதிகளில் இதை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். எதிரணி தயாராகக் காத்திருக்கும். பத்து முறை முயன்றால் ஒன்றுகூடப் பலிப்பது அரிது. ஸ்மித் தட்டிய பந்தைச் செயின்ட்ஸ் மீட்டது. அதற்குப் பிறகு தாக்குதல் வரிசை தவறியதால் தோற்றார்கள் என்பது வேறு விஷயம். ஐம்பத்தாறு கெஜத்தை எந்த என்.எஃப்.எல். கிக்கரும் உதைப்பார். பந்து எப்படித் துள்ளும், எந்த இடத்தில் எழும்பும் என்று கணித்துத் தட்டுவது வேறு பள்ளியில் படித்த பாடம். கோல் முகப்பிலிருந்து இருபது முறை பந்தை இடம்பார்த்து அனுப்பிய பழக்கம் அங்கே தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 14, சூப்பர்டோம். கரோலினா பேந்தர்ஸோடு 17-17. கடைசி நொடிகளில் 47 கெஜ உதை. உள்ளே போனது, 20-17. கேலிக் கணக்கில் அது 43 மீட்டர். 45 மீட்டர் கோட்டுக்குச் சற்று உள்ளே.

ஒப்பிட்டுப் பார்க்க நான்கு பேர்

ஒருவரின் கதையை வைத்து முடிவுக்கு வருவது ஆபத்து. பக்கத்தில் சிலரை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதலில் ஜூட் மெக்காட்டம்னி. டெர்ரி கவுண்டியின் ஸ்வாட்ராவைச் சேர்ந்த கேலிக் ஆட்டக்காரர். ஸ்மித் போலக் குறுக்கு வழியில் வராமல், வட கரோலினாவின் சோவான் பல்கலைக்கழகம், பிறகு நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் என்று கல்லூரி ஆட்டத்தின் வழியாக வந்தவர். 2024-இல் நியூ யார்க் ஜயன்ட்ஸ் அவரைச் சேர்த்தது. அந்த நவம்பரில், ஸ்மித்துக்கு ஓராண்டு முன்பே, முதல் ஆட்டம் ஆடினார். 2025 அக்டோபர் 19 அன்று டென்வரில் நடந்தது கொடுமை. மூன்று கால்பகுதிகள் முடிந்தபோது ஜயன்ட்ஸ் 19-0 என முன்னணியில் இருந்தது. கடைசிக் கால்பகுதியில் மட்டும் டென்வர் 33 புள்ளி எடுத்து 33-32 என வென்றது. அன்று மெக்காட்டம்னி இரண்டு எக்ஸ்ட்ரா பாயிண்ட்களை, அதாவது டச் டவுனுக்குப் பின் ஒரு புள்ளிக்காக எடுக்கும் உதைகளை, தவறவிட்டிருந்தார். ஒவ்வொன்றும் 33 கெஜ உதை. பத்தில் ஒன்பதுக்கு மேல் உள்ளே போகும் உதை. தோற்றது ஒரு புள்ளியில். டென்வருக்கு வெற்றி உதையைப் போட்டவர், க்ரூப்பியிடம் ஒரு காலத்தில் இடத்தை இழந்த அதே வில் லட்ஸ். ஜயன்ட்ஸ் மெக்காட்டம்னியை விடுவிக்க நெடுநாள் எடுத்துக்கொள்ளவில்லை. கேலிக் பின்னணியும் கல்லூரிப் பழக்கமும் இருந்தும் அவருக்குக் கிடைக்காதது, தவறு செய்தும் தங்கியிருக்கும் காலம்.

அடுத்தவர் லூயி ரீஸ்-ஸாமிட். வேல்ஸ் ரக்பியின் மின்னல். 2024-இல் ஸ்மித் படித்த அதே சர்வதேச வகுப்பில் இருந்தவர். புகழில் ஸ்மித் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. கான்சஸ் சிட்டி, பிறகு ஜாக்சன்வில் என்று போய், ஒரு முறைகூட முறையான பருவ ஆட்டம் ஆடாமல் 2025-இல் ரக்பிக்கே திரும்பினார். பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் இடத்துக்கு அவர் முயன்றார். அதற்கு நூற்றுக்கணக்கான வியூகங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். எதிரணி நிற்கும் நிலையைப் படித்து அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். அவர் தன் ஆட்டம் முழுவதையும் மொழிபெயர்க்கப் பார்த்தார். ஸ்மித் பிடிப்பது, தடுப்பது, கையால் தட்டிக்கொடுப்பது எல்லாவற்றையும் ஊரிலேயே விட்டுவிட்டு ஓர் உதையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது, 1984-இல் டப்ளினிலிருந்து மெல்போர்ன் போன ஜிம் ஸ்டைன்ஸ். ஆஸ்திரேலியக் கால்பந்து கேலிக்குக்கு நெருங்கிய உறவு; ஓட்டம், பிடி, உதை எல்லாம் அங்கே பயன்படும். 1991-இல் அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் பெற்றார், 244 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக ஆடினார். அவர் வழியில் இன்றும் பலர் போகிறார்கள். கேலிக் ஆட்டக்காரர் முழுமையாக மாறக்கூடிய நாடு ஆஸ்திரேலியா. அமெரிக்காவுக்கு அவருடைய காலில் ஒரு பகுதி போதும்.

நான்காமவர் நீல் ஓடோனஹியூ. டப்ளின்காரர், சாக்கர் (நம் ஊர்க் கால்பந்து) உதவித்தொகையில் அலபாமா போய், 1985 வரை என்.எஃப்.எல்.-இல் உதைத்தவர். அவருக்குப் பின் அயர்லாந்தில் பிறந்த ஒருவர் அந்த லீக்கின் முறையான ஆட்டத்தில் இறங்க, 2023-இல் கிரீன் பே அணிக்கு விக்லோவில் பிறந்த டான் வீலன் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீலனும் சிறுவயதிலேயே கலிஃபோர்னியா போனவர். ஓடோனஹியூவை அமெரிக்கர்கள் நினைவில் வைத்திருப்பது 1983 அக்டோபரின் ஒரு திங்கள் இரவுக்காக: கூடுதல் நேரத்தில் மூன்று உதைகளைத் தவறவிட்டார், ஆட்டம் 20-20 என முடிந்தது. கிக்கர்களுக்கு ரசிகர்களின் நினைவாற்றல் இப்படித்தான் வேலை செய்யும்.

கிக்கர் என்ற இடம் என்றைக்குமே வெளியூர்க்காரர்களின் வாசலாக இருந்துவந்திருக்கிறது. 1964-இல் பஃபலோ அணிக்கு வந்த ஹங்கேரியர் பீட் கோகோலாக்தான் பாதத்தின் உட்பக்கத்தால் உதைக்கும் சாக்கர் பாணியை அங்கே கொண்டுவந்தார். அதுவரை எல்லோரும் கால்நுனியால் நேரே உதைத்தார்கள். பனிச்சறுக்குக்காக வந்த நார்வேக்காரர் யான் ஸ்டெனரூட், மாணவர் பரிமாற்றத்தில் வந்த டென்மார்க்குக்காரர் மோர்டன் ஆண்டர்சன் ஆகிய இருவரும் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆண்டர்சன் நெடுங்காலம் உதைத்தது செயின்ட்ஸ் அணிக்குத்தான். ஆக, நியூ ஆர்லியன்ஸ் ரசிகர்களுக்கு அயலூர் உச்சரிப்பில் பேசும் கிக்கர் புதியவரல்ல.

ஊரின் பக்கம்

2025 செப்டம்பர் 28 அன்று குரோக் பார்க்கில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் மின்னசோட்டா வைக்கிங்ஸும் மோதின. அயர்லாந்து மண்ணில் என்.எஃப்.எல்.-இன் முதல் முறையான பருவ ஆட்டம். சம்பளமில்லா ஆட்டத்தின் கோயிலை உலகின் பணக்கார லீக்குக்கு வாடகைக்கு விட்டது குறித்து முணுமுணுப்புகள் எழுந்தன. வாடகை வந்த கையோடு ஆட்களும் போய்விடுவார்களா என்ற அச்சம் அதன் அடியில் இருக்கிறது. எனக்கு அது மிகையாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியா ஆண்டுதோறும் பதின்வயதுத் திறமைகளை அள்ளிக்கொண்டு போகிறது. அமெரிக்கா இதுவரை எடுத்தவர்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

அதே 2025-இல் கேலிக் கால்பந்தும் தன் விதியை மாற்றியது. டப்ளினின் முன்னாள் மேலாளர் ஜிம் கேவின் தலைமையிலான குழு பரிந்துரைத்தபடி, 40 மீட்டர் வளைவுக்கு வெளியே இருந்து உதைத்துக் கம்பிக்கு மேலே அனுப்பினால் இரண்டு புள்ளி. ஐம்பது மீட்டர் உதைக்கும் கோல்கீப்பரின் மதிப்பு ஒரே குளிர்காலத்தில் ஊரில் இரட்டிப்பாகிவிட்டது. டைக் லீடரின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தாலும், சொந்த கவுண்டியின் மேலாளர் இனி அவ்வளவு எளிதில் வழியனுப்ப மாட்டார்.

அழைப்பை ஏற்பவருக்கும் கணக்கு ஸ்மித்துக்கு இருந்தது போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. சலுகை இடம் அணிக்கு ஒன்றுதான். அதற்கு நைஜீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இரண்டு மீட்டர் உயரத் தடுப்பு வரிசைக்காரர்கள். மைலாட்டா போல ஒருவர் தேறினால் அணிக்குப் பத்தாண்டு லாபம். மேயோபிரிட்ஜிலிருந்து அடுத்து ஒரு கோல்கீப்பர் கிளம்பினால், எந்த அமெரிக்கக் கிக்கரையும் சந்திப்பதற்கு முன்பு, அந்த ஒற்றை இடத்துக்காக அவர் இவர்களைத் தாண்ட வேண்டியிருக்கும்.